சிட்டிகைச் சாமியும் மூன்று தட்டுகளும்

ஆஸ்பத்திரி வாசலில் புறநோயாளிகள் வரிசை ஆறே பேரோடு கொட்டாவி விட்டது. எதிர்ப்பக்கம் சிட்டிகைச் சாமியின் வரிசையோ தெருமுனை தாண்டி வளைந்தது. வார்டிலிருந்து நழுவி வந்தவர்கள் கையில் குத்திய குளுக்கோஸ் ஊசியோடு நின்றார்கள். சர்வரோக மூலிகைப் பொடி! காய்ச்சலா, கட்டியா, காதில் சீழா, ஒரு சிட்டிகை போதும். சுகமானதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். என்ன ஒரு தர்மசிந்தனை!

அந்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பவளின் கணவரே சாமியின் பரம பக்தர். ஆணி குத்திய காலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை இரண்டாம் நாளே மூட்டை கட்டிவிட்டு, பதினைந்து நாளாகப் பொடி நக்கினார். பாதம் தலையணையாக வீங்கிவிட்டது. இரண்டு நாளில் அடங்காவிட்டால் விரல்களை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"வலி குறைஞ்சிருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"நம்பிக்கை கூடியிருக்கு" என்றவர், நாக்கிலிருந்து மினுங்கும் துணுக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். "பாரு, வெள்ளி கலந்து அரைக்கிறார்."

வாங்கிப் பார்த்தாள். மாத்திரை அட்டையின் தகடு!

சாமியைப் பணிவாக ஆய்வகத்துக்கு அழைத்தாள். அத்தனை பக்தர்கள் பார்க்க, மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். தொட்டித் தண்ணீர் கறுத்தது. சாமிக்கே ஆச்சரியம்.

பிறகு கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய மூன்று தட்டுகள். முதல் இரண்டில் சாதாரணக் கிருமி; மூன்றாவதில் கணவரின் புண்ணில் எடுத்தது. முதலிலும் மூன்றாவதிலும் சாமி பக்தர்களுக்குக் கொடுக்கும் பொட்டலத்துப் பொடி. இரண்டாவதில் மட்டும், எல்லோர் கண்முன்னாலும் வெறும் மூலிகையை மந்திரம் சொல்லிச் சாமி அரைத்த புதுப் பொடி. மூன்றையும் மூடிச் சூட்டுப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை முதல் தட்டில் பொடியைச் சுற்றிக் கிருமியே இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டாவதில் கிருமி கொழுத்திருந்தது. போனஸாகப் பூஞ்சையும் பச்சைப்பசேலென்று முளைத்திருந்தது. மூன்றாவதில் கிருமிகள் பொடிமேலேயே ஏறிக் குடித்தனம் நடத்தின.

"நேத்து கிழமை சரியில்லை" என்றார் சாமி.

யாரோ அவர் பையைக் கவிழ்த்தார்கள். காலி மாத்திரை அட்டைகள் கொட்டின.

"டாக்டர் தர்ற கிருமிக்கொல்லி மாத்திரையைத்தான் அரைச்சுக் கலந்திருக்கார்" என்றாள் அவள். "சிட்டிகை சிட்டிகையா தின்னதுல கிருமி சாகலை, பழகிடுச்சு. இனி இவர் காலுக்கு அந்த மாத்திரை உதவாது. ஒரே ஒரு ஊசி மருந்துதான் மிச்சம்."

சாமி பின்வாசலைத் தேடிக்கொண்டிருந்தபோது, பக்தர் ஒருவர் பவ்யமாகக் கேட்டார்: "அந்த மாத்திரை பேரைச் சொல்லிடுங்கம்மா, நாங்களே அரைச்சுக்கறோம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு கணவரிடம் திரும்பினாள். "பத்து நாள் ஊசி. ஒன்பதாம் நாள் சரியாயிடுச்சுன்னு எழுந்தீங்க, காலை நானே முறிப்பேன்."

பத்து நாளும் அசையாமல் படுத்திருந்தார் மனிதர். விரல்கள் தப்பின.

மூளையே இல்லாத கிருமி பதினைந்தே நாளில் பாடம் கற்றுக்கொண்டது. மூளை உள்ளவர்களோ அடுத்த தெருவில் புதுச் சாமி வந்திருக்கிறாராமே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.