பைட் கஞ்சர் வெட்டிய பதில்

கஞ்சர்களில் பல ரகம் உண்டு. சிரிப்பில் கஞ்சர், காப்பியில் கஞ்சர், பஸ் சீட்டில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதில் கஞ்சர் என்று எல்லோரையும் பார்த்திருப்பீர்கள். பைட் கஞ்சரைப் பார்த்திருக்கிறீர்களா? பைட் என்பது கம்ப்யூட்டர் நினைவில் ஓர் எழுத்து உட்காரும் இடம். இவர் நகத்தளவு கம்ப்யூட்டர் சில்லுக்குள் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர். சில்லில் இடம் குறைவு. ஆகவே ஓர் எழுத்தை வெட்டினால்கூடப் பாயசம் குடித்த முகத்தோடு எழுந்து வருவார்.

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் அப்படி ஒருவர், செபாஸ்டின். பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்து, மளிகைக் கடை மாடியில் பட்டறை போட்டு, ராத்திரிக் குளிரை அளந்து வைத்துக்கொள்ளும் கருவி ஒன்றைச் செய்தார். பூண்டு வயலில் நட்டு வைத்து, காலையில் எடுத்து யுஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு மாட்டினால், உறைபனி எப்போது இறங்கியது என்று திரையில் தெரியும். அதே மலையிலுள்ள போளூர் கிராமத்துப் பூண்டு விவசாயிகள் சங்கம் அதை வாங்கினால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் பெங்களூர். மனைவி அருள்மேரிக்கோ மலையை விட்டு இறங்க மனமே இல்லை.

மனிதர் வெட்டினார். கருவியின் பெயரை வெட்டினார், தன் பெயரை வெட்டினார், பேட்டரி தீரப்போகும் அறிவிப்பைச் சுருக்கிச் சுருக்கி ஒரு விளக்குச் சிமிட்டலாக்கினார், சாம்பாரா ரசமா என்று கேட்ட அருள்மேரிக்கும் ஒரு 'ம்' மட்டும் கொடுத்தார். வருகிறவர்களிடம், பிள்ளையின் மார்க்கைக் காட்டுவதுபோல, சில்லில் காலியாகக் கிடக்கும் இடத்தைக் காட்டினார். எதற்கு அந்த இடம்? எதற்கோ.

கடைசியாக அவர் கண்ணில் பட்டது ஒரு பதில். கருவியை மாட்டியதும் கம்ப்யூட்டர், சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி ஆயிரம் கேள்வி கேட்கும். புரியாத கேள்விக்கு "எனக்குத் தெரியாது" என்று கருவி சொல்லியாக வேண்டும். என் கருவிக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று செபாஸ்டின் அதை வெட்டினார். பட்டறையில் அழகாக ஓடியது. ஓடாதா? அது பழகிய கம்ப்யூட்டர். புது முகத்திடம் மட்டும் கேட்கும் கேள்வியை எப்போதோ கேட்டு முடித்திருந்தது.

போளூர் சங்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கருவி புது முகம். அந்தக் கேள்வியைக் கேட்டது. கருவி வாய் திறக்கவில்லை. திரையில் ஒன்றும் வரவில்லை. ஏன் ஓடவில்லை என்று சங்கச் செயலாளர் பொன்னுச்சாமி பொறுமையாகத்தான் கேட்டார். செபாஸ்டினுக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பதிலை அவர் தனக்குள்ளும் வெட்டி வெகுநாளாயிற்று. கம்ப்யூட்டரில் வைரஸ் என்றார். வயர் சரியில்லை என்றார். போளூர் கரண்ட்டே ஒரு மாதிரி என்றார்.

"தெரியலைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சரிபாத்துட்டு இன்னொரு நாளு வாங்கன்னுருப்போம் தம்பி," என்றார் பொன்னுச்சாமி. "இன்னைக்கு எங்க கம்ப்யூட்டர் மேல பழியப் போடுறீங்க. நாளைக்குப் பனியில பயிரு கருகிக் கெடந்தா, பூண்டு மேல போடுவீங்க. மழைக்கு முந்தி வெரசா கெளம்புங்க."

பட்டறைக்கு வந்து பார்த்ததும் தப்பு அகப்பட்டது. பதிலைத் திரும்ப வைக்கச் சில்லில் தாராளமாக இடம் இருந்தது. போளூரில்தான் இல்லை. பெட்டி கட்டும்போது அருள்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெங்களூரில் எத்தனை நாள் என்று கேட்டாள். கொஞ்ச நாள்தான் என்றார் செபாஸ்டின், எல்லாம் தெரிந்தவராக.

சிரிக்கலாம், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, கூக்கால் கிராமத்துக்கு பஸ் எப்போது என்று கேட்கிறார். உங்களுக்கு அது தெரியாது. என்ன சொல்வீர்கள்?

"இப்ப வந்துரும்ங்க."