பெருசுல சீரியல், சின்னதுல மேட்ச்

பள்ளிக்கூட மைதானத்தில் நான் விசில் அடித்தால் அத்தனை பிள்ளைகளும் நிற்கும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நான் நிற்பேன். கடலூரில் பி.டி. மாஸ்டர் சந்தியாகு என்றால் இந்த இரண்டும் எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட நான் இந்தக் கோடையில் ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் மேட்ச் பார்க்க அடுத்த வீட்டு சிங்காரத்தின் வாசலை மிதிப்பதில்லை. என் வீடு, என் டிவி, என் நாற்காலி!

குறுக்கே நின்றது என் மனைவி சவரிமேரியின் சீரியல். அதைத் தொட்டால் அன்றைக்குச் சோற்றைத் தொட முடியாது.

அதனால் புது டிவி வாங்கினேன். பெரிய படத்தின் மூலையிலேயே சின்னக் கட்டம் போட்டு இன்னொரு சேனலையும் காட்டும்.

"படத்துக்குள்ள படம், மேரி! ஒரே நேரத்துல ரெண்டு!"

"இத்தினி நாளா நீங்க ஒண்ணுதான் காட்டிக்கினு இருந்தீங்க மாமா. இனிமே ரெண்டா?"

"பெருசுல உன் சீரியல். சின்னதுல என் மேட்ச்."

"சத்தம்?"

"ஒண்ணுக்குத்தான் வரும்."

"அது எனக்கு."

"அது கல்யாணத்தன்னைக்கே முடிவானதுதானே!"

என் உள்திட்டம் வேறு. விளம்பரம் வரும்போது நைசாக மேட்சைப் பெரிதாக்கிவிடுவது. பிறகு மாற்ற மறந்துவிடுவது.

முதல் நாள் மேரி முந்திரிப்பருப்பு வறுத்துக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தாள். விளம்பரம் வந்தது. ரிமோட்டை எடுத்தேன். ஆனால் அமுக்க மனம் வரவில்லை. கண் சின்னதில் இருந்தாலும் காது பெரியதில் அல்லவா இருந்தது? ஞாபகம் போன புருஷன் கதாநாயகி மாலதியைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்ட இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்?

அந்த வாரத்துக்குள் கண்ணும் காதோடு போய்விட்டது.

"மாமா, உங்காளு அவுட்டு."

"இரு மேரி, மாமியாக்காரி பாலுல என்னத்தையோ கலக்குறா!"

"ரன் ரேட்டு எறங்கிப் போச்சு மாமா."

"அந்தப் பாலை மாலதி குடிச்சிருவாளா?"

"இந்த நேரத்துல போயி ஸ்பின்னருக்குப் பந்தைக் குடுத்தா எப்படி?" என்று மேரி முணுமுணுப்பாள். எனக்காக இந்த மனுஷி ஸ்கோரையெல்லாம் பார்த்து வைக்கிறாளே என்று நெஞ்சு குளிரும்.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து மகள் நித்யா கூப்பிட்டாள். மாசமாக இருக்கிறாள். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லையாம். மேரி அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள்.

அன்றைக்குப் பைனல். மேட்சை முழுத் திரைக்கும் வைத்தேன். சத்தமும் முழுசு. முதல் ஓவரிலேயே சிக்ஸர்! "பாத்தியா!" என்று திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்த அவள் துண்டுதான் இருந்தது. அடுத்த சிக்ஸருக்கு நான் திரும்பவில்லை. அப்புறம் அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

மேட்சை மூலைக்கு அனுப்பிவிட்டு சீரியலைப் பெரிதாக வைத்தேன். அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டதும்தான் வீட்டில் ஆள் இருப்பது போல் இருந்தது. அன்றைக்கு சீரியல் மூன்று மணி நேர ஸ்பெஷல். அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒரு காட்சி விடாமல் பார்த்தேன். முடிந்ததும் போன் போட்டேன்.

"சாப்டீங்களா மாமா?"

"ஆச்சு, ஆச்சு. மேரி, மாலதி புருஷனுக்கு ஞாபகம் வந்துருச்சு! நேரா வந்து அவ கையைப் புடிச்சிக்கினு..."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"அங்க இன்னா சத்தம்?"

"மாப்பிள்ளை மேட்ச் வச்சிருக்காரு."

"அடப்பாவமே! உனக்கு சீரியல் போச்சா?"

"அது எனக்கு எப்பவோ சலிச்சுப் போச்சு மாமா. நீங்க ஆசையா பாக்குறீங்களேன்னுதான் பொறுத்துக்கினு இருந்தேன். போனை வையிங்க, கடைசி ஓவர்."