தலைவருக்கு ஒரு பட்டை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால் எர்மின் என் மனைவி இல்லை, ஒக்டேவின் ரசிகை.

செயிண்ட் லூசியாத் தீவின் தென்கோடியில், எங்கள் லபோரி ஊரில் ஒக்டேவ் மருந்துக் கடை வைத்திருக்கிறான். வானொலியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்துகிறான். "மாணவச் செல்வங்களே..." என்று அவன் தொண்டையைச் செருமினால் போதும், எங்கள் வீட்டு அடுப்பில் உப்புமீன் கருகும். நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் நாளெல்லாம் பெயர் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்துகிறேனே, எனக்காக ஒரு மீனாவது கருகியதுண்டா?

"உஷ்! அவர் கேள்வி கேக்கிறார்."

"நானும்தான் கேக்கிறேன். சாப்பாடு எங்கே?"

"அதுக்கு விடை அடுப்புல இருக்கு. போட்டுக்கோங்க."

அன்றே சபதம் செய்தேன். தெற்குப் பகுதிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக, நானே ஒரு வினாடி வினா தொடங்குவேன். கோட்டு, டை, கையில் மைக். எர்மின் முதல் வரிசையில் வாயைப் பிளந்து உட்காருவாள். ஒக்டேவுக்கு அழைப்பே கிடையாது.

எர்மின் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் இல்லாமல் பிள்ளைகளுக்கு எங்கே போவது? பயந்துகொண்டே சொன்னேன். கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள்!

"சூஃப்ரியேர், மிக்கூ, வியூ ஃபோர்ட், எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நான் பேசிடறேன். ஆனா நீங்க வெறுமனே கேள்வி கேக்கிற ஆளா? இதைத் தொடங்கினதே நீங்க. நீங்கதான் தலைவர்!"

"தலைவருக்கு என்ன உண்டு?"

"மேடை நடுவுல பெரிய நாற்காலி. தோள்ல தங்கக் கலர் பட்டை."

"ஒக்டேவுக்குப் பட்டை இருக்கா?"

"அவருக்கு ஏதுங்க பட்டை!"

அது போதுமே எனக்கு. பட்டையோடு நாமமும் சேர்ந்து வருகிறது என்று அப்போது தெரியவில்லை.

அதன்பின் தலைவர் பெஞ்சு சுமந்தார். தலைவர் மீனவர் சங்கத்தில் மைக் இரவல் வாங்கினார். தலைவர் துடைப்பம் எடுத்துப் போட்டிக் கூடத்தைக் கூட்டினார்.

போட்டி நாள். கூடம் கொள்ளவில்லை. பட்டையும் நானும் நடுவில் உட்கார்ந்தோம். கம்பீரமாக மைக்குக்குக் கை நீட்டினேன். எர்மின் எடுத்துக்கொண்டாள்.

"என்ன இது?" என்றேன், பல்லைக் கடித்தபடி.

"தலைவர் எல்லாருக்கும் பொதுவானவர். அவர் கேள்வி கேக்கக் கூடாது. விதி."

"யார் போட்ட விதி?"

"நீங்கதான். போன வாரம் சாப்பிடறப்போ சொன்னேன், தலையாட்டினீங்களே."

தலைவர் அல்லவா? தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

"முதல் கேள்வி!" என்றாள் எர்மின். கூடமே மூச்சு விடவில்லை. பின்வரிசை அப்பாக்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்கள். ஒரு ஒக்டேவைப் பார்த்து வெந்துகொண்டிருந்தவன், இப்போது கூடம் நிறைய ஒக்டேவ்களைப் பார்த்து வெந்தேன். ஜெயித்த சிறுமி மேடையேறி, என் காலை மிதித்துத் தாண்டிப்போய், எர்மினைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "அப்ப வெள்ளிக்கிழமையெல்லாம் நீ அவன் குரலுக்கு மயங்கலையா?"

"மயங்கறதாவது! எப்படி நடத்தறதுன்னு கேட்டுக் கத்துக்கிட்டேன். அந்த மனுஷனுக்கு ஒரினோக்கோ நதி பேரைச் சொல்லவே வராதுங்க."

நெஞ்சில் பனிக்கட்டி வைத்தாற்போல் இருந்தது. மைக் போனால் போகட்டும், மனைவி என்னவள்! அந்தச் சந்தோஷத்தில் குழைந்தேன். "அடுத்த வருஷம் தலைவர் பதவியெல்லாம் வேண்டாம், எர்மின். உன் பக்கத்துலயே உக்காந்து, நேரம் முடிஞ்சா மணி அடிக்கிறேனே?"

"அடடா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். "அதுக்கு ஒக்டேவ் சாரை வரச் சொல்லிட்டேனே!"