பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த பச்சைப் புயல்

மதுரைக்காரர்களிடம் போய் ஒன்றைச் செய்ய வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்வதைப் போல ஆபத்தான காரியம் வேறு கிடையாது. என் முகத்தையே ஆளுயர பிளெக்ஸ் பேனரில் பார்த்த அன்று இதைத் தெரிந்துகொண்டேன். அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

நான் நடத்துவது மிகச் சின்ன டூர் கம்பெனி. (கம்பெனி என்றால் நான், என் போன், வாடகை சைக்கிள்கள். அம்புட்டுத்தான்.) ஐந்தாறு பேருக்கு மேல் கூட்டிப் போக மாட்டேன். பிளாஸ்டிக் பாட்டிலைத் தொடக் கூடாது. போகிற ஊரில் அந்த ஊர்க்காரர்கள் சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டும், காசு அவர்கள் கைக்கே போக வேண்டும். கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது. நாம் வந்து போனதே அந்த ஊருக்குப் பாரமாக இருக்கக் கூடாது.

என் அண்ணன் கதிர் இதற்கு நேர் எதிர். திருநகரில் ஆபீஸ் போட்டு வேன்கள் ஓட்டுகிறான். மதுரை, ராமேஸ்வரம், கொடைக்கானல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டி, ஆளுக்கொரு கேரி பேக் நிறைய நொறுக்குத்தீனியும் கொடுத்து அனுப்புவான். "உன்னய நம்பி சைக்கிள் மிதிக்க எவன் வருவான்? பேசாம என் ஆபீஸ்ல வந்து போன் எடு" என்பது அவனுடைய தினசரி உபதேசம்.

அந்த நேரத்தில்தான், வெளிநாட்டுப் பயணிகளை அனுப்பும் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு மேடம் பேசினார். நான்கு வெளிநாட்டுக்காரர்களோடு வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் வருடம் முழுக்க ஆட்களை அனுப்புவார். நான் நேராக அண்ணனிடம் போய், "இது கிடைக்கலேன்னா மறுநாளே உன் ஆபீஸ்ல வந்து உக்காருறேன்" என்று சவால் விட்டேன். (வாய் என்னுடையது. யாரைக் குற்றம் சொல்ல?)

நாகமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே செல்வி அக்கா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு. முதல் நாளே போய் அவர் வீட்டுக்காரர் பாண்டி அண்ணனிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அண்ணே, மாலை, மேளமெல்லாம் ஒண்ணும் வேண்டாம்ணே. நாங்க பாட்டுக்கு வாரோம், சாப்புடுறோம், போறோம்."

"அதெப்படித் தாயி, அம்புட்டுத் தொலவுல இருந்து வாராக..."

"அய்யய்யோ, உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்? வேண்டவே வேண்டாம்!"

இங்கேதான் கெட்டேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளி இலை மேல் கவிழ்ந்து, இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டு "வேண்டாம், வேண்டாம்" என்று அலறினால், இன்னும் இரண்டு கரண்டி வைக்க வேண்டும். அதுதான் மரியாதை. வேண்டாம் என்றதும் விட்டுவிட்டால், கவனிக்க ஆளில்லாத வீடு என்று ஊரெல்லாம் பேசுவார்கள். நானும் அந்த மரியாதைக் குரலிலேயே, பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லித் தொலைத்திருக்கிறேன். போதாததற்கு, "வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா" என்றபடியே செல்வி அக்கா சுட்டுப்போட்ட தோசைகளையும் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் சைக்கிளில் போகிறோம். மேடமும் நானும் முன்னால். "இந்த ஊர நாங்க தொந்தரவே பண்றதில்ல, மேடம். தினமும் எப்படி இருக்குமோ, இன்னைக்கும் அப்படியேதான் இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லி வாயை மூடவில்லை, ஆயிரம்வாலா வெடித்தது. பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளோடு வரப்பில் சாய்ந்தார்.

ஊர் முகப்பில் பேனர். அதில் நான். வாட்ஸப்பில் வைத்திருந்த கல்யாண வீட்டுப் படம், கூலிங் கிளாஸோடு. பக்கத்தில் ஒரு புலி. (எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.) மேலே கொட்டை எழுத்தில், "பிளாஸ்டிக்கை ஒழிக்க வந்த பச்சைப் புயலே, வருக! வருக!" கீழே பாண்டி அண்ணன் தொடங்கி ஊர் இளவட்டங்கள் அத்தனை பேரும், காதில் செல்போனோடு.

மேடம் பேனரைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன துணியா?"

"பிளாஸ்டிக், மேடம்."

உள்ளே போனால் குழாய் ரேடியோ அலறுகிறது. ஆளுக்கொரு ஜிகினா மாலை, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். செல்வி அக்கா வழக்கமாகப் போடும் கேப்பைக்களியைக் காணோம். "வெள்ளக்காரவுகளுக்குக் களியவா போடுறது?" என்று டவுனிலிருந்து பிரியாணி வரவழைத்திருந்தார்கள், பிளாஸ்டிக் டப்பாவில். அத்தனையும் முடிந்ததும் பாண்டி அண்ணன் மைக்கை என் கையில் திணித்தார்: "இப்ப பச்சைப் புயல் பேசும்!"

பேசியது. "நான் என்னண்ணே சொன்னேன்? ஒண்ணும் வேண்டாம்னேனா இல்லையா?" என்று நான் கத்தியது பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும்.

பாண்டி அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "நீ வேண்டாம்னுதான் சொல்லுவ. அதுக்காக நாங்க விட்டுற முடியுமா? நாளைக்கு எங்களத்தானே கேவலமாப் பேசுவாக?"

கூட்டத்திலிருந்து செல்வி அக்கா எழுந்தார். "ஏத்தா, நேத்து தோசையக்கூடத்தான் வேண்டாம் வேண்டாம்னே. தின்னியா இல்லையா?"

ஊரே சிரித்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தையே வைத்துக்கொண்டேன். "யாரும் பாட்டிலத் தொடாதீங்க! பானைத் தண்ணி கொண்டாங்க! அக்கா, வீட்டுல களி இருக்கா இல்லையா?" இருந்தது, அவர்கள் வீட்டுக்கென்று கிண்டியது. நான்கு வெளிநாட்டுக்காரர்களும் கருவாட்டுக் குழம்பை ஊற்றி ஒரு பிடி பிடித்தார்கள். மேடம் மட்டும் பிரியாணி சாப்பிட்டார்.

கிளம்பும்போது, "உங்க எண்ணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களால ஆள் அனுப்ப முடியாது" என்றார்.

நான் வீடு திரும்புவதற்குள் பேனர் படம் போன் போனாகச் சுற்றி முடித்திருந்தது. அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"சொன்ன சொல்லக் காப்பாத்து. நாளைக்கு ஆபீஸுக்கு வந்துரு."

"வேண்டாம்ணே."

"இது எந்த வேண்டாம், பாப்பா? தோசை வேண்டாமா, பேனர் வேண்டாமா?"

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. நான் சிரிக்கவில்லை. "வரமாட்டேன்னா வரமாட்டேன்" என்றேன். சவாலில் தோற்றேன்தான், சொன்ன சொல்லும் போச்சுதான். போனால் போகட்டும்! தோற்றவள் கடையைச் சாத்த வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

கடை இன்றும் நடக்கிறது. சிறுசாக, சைக்கிளில், பிளாஸ்டிக் இல்லாமல். பாண்டி அண்ணன் ஊருக்கும் போகிறோம். ஒரே வித்தியாசம், இப்போதெல்லாம் பணிவாகக் கேட்பதில்லை, சண்டைதான். "பேனர் வச்சீங்கன்னா அப்படியே சைக்கிளத் திருப்பிருவேன்!" என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னால் நன்றாகவே புரிகிறது.

எங்கள் வீட்டில் மட்டும் நிலைமை மோசம். யார் எதை மறுத்தாலும், கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி "தோசை வேண்டாமா, பேனர் வேண்டாமா?" என்று கேட்காமல் விடுவதில்லை. அண்ணன்தான் இதில் முதல் ஆள். வேன் ஓட்டம் சூடுபிடிக்கும் நாட்களில் இப்போதும் என்னை ஆபீஸுக்குக் கூப்பிடுவான். நானும் வேண்டாம் என்பேன். அது எந்த வேண்டாம் என்று மட்டும் அவன் கேட்பதில்லை.