காது ஐயாவும் தேய்ந்த செருப்பும்

மெக்கானிக்குகள் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காது ஐயாவின் கொட்டகை வாசலிலோ கார்கள் தெருக்கோடி வரை நின்றன. எஞ்சினில் சத்தமா? ஸ்பேனரைத் தூக்கி எறியுங்கள். ஐயா பானெட் மேல் காதை வைப்பார். உள்ளே இருப்பது எந்த ஆவி, அதற்கு என்ன கோபம் என்று புட்டுப் புட்டு வைப்பார். படித்தவர்கள் வந்தார்கள், படிக்காதவர்கள் வந்தார்கள். ஆவி புகுந்த காருக்கு நஷ்டஈடு உண்டா என்று ஓர் இன்சூரன்ஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு சந்தேகம் கேட்டார்!

வரிசையில் நின்ற டாக்சிக்காரருக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. புதுக்கருக்கு அழியாத வண்டி. திடீரென்று முன்பக்கம் கடகடவென அடிக்க ஆரம்பித்துவிட்டது. சவாரிக்கு ஏறியவர்கள் பயந்து இறங்கிப் போனார்கள். வீட்டு அடுப்பு அந்தக் காரை நம்பித்தான் எரிந்தது. மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். ஆனால் ஸ்டாண்டில் பல வண்டிகள் ஒரே சமயத்தில் கடகடத்தன. எல்லாவற்றையும் ஐயாவின் தாயத்துதான் அடக்கியது. ஐயா எவ்வளவு தங்கமான மனிதர் தெரியுமா? சத்தம் வருவதற்கு முந்தின நாள்தான் தம் சீடர்களை ஸ்டாண்டுக்கு அனுப்பி, எல்லா வண்டியையும் பானெட்டைத் திறந்து உள்ளே வரை இலவசமாகக் கழுவிக் கொடுத்திருந்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா பானெட்டின் ஒரு மூலையை உள்ளங்கையால் அழுத்தினார். சத்தம் நின்றது. கையை எடுத்தார். கடகட!

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இது தாயத்துக்கு அடங்காது," என்றார் ஐயா. "ரத்தம் கேக்குது. உன் பிள்ளை உட்கார்ற சீட்டுல உட்கார்ந்திருக்கு. சாவியைக் குடுத்துட்டுத் திரும்பிப் பார்க்காம போ."

கொட்டகைக்குப் பின்னால் இப்படி விட்டுப்போன கார்கள் நின்றன. அவற்றில் ஓட்டை உடைசல் ஒன்றுகூட இல்லை. ரத்தம் குடிக்கும் பேய்க்கும் புது மாடல்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

பிள்ளையின் பேச்சை எடுத்ததும் டாக்சிக்காரர் எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவினார். ஐயாவிடம் நீட்டினார். குறுக்கே ஒரு கை வந்து அதைப் பிடுங்கியது. அவர் மனைவி, தையல்காரி.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"சும்மா இரு. ஐயா கை வெச்சதும் நின்னுச்சே, பார்க்கலையா?"

"நானும் வெச்சுப் பார்க்கறேன்."

சாவியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, அதே மூலையை அழுத்தினாள். சத்தம் நின்றது. ஐயா அசரவில்லை. "என் அருள் அந்த இடத்துல தங்கியிருக்கு, தாயே."

"தங்கட்டும். என் மெஷின் கடகடன்னா நான் மூடியைக் கழட்டித்தான் பார்ப்பேன். யார் செத்தாங்கன்னு விசாரிக்க மாட்டேன்."

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பானெட்டைத் தூக்கினாள். மூடி வந்து உட்காரும் இடத்தில், மூன்று மூலைகளில் கறுப்பு ரப்பர்க் குமிழ்கள் இருந்தன. நாலாவது மூலையில் வெறும் ஓட்டை. அவள் காலில் கிடந்த தேய்ந்த செருப்பு ஒன்றைக் கழற்றினாள். பையிலிருந்த கத்தரிக்கோலால் குதிகால் பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி, ஓட்டையில் திணித்து, மூடினாள்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

சத்தமே இல்லை.

"செருப்புக்குப் பயப்படற ஆவியும் உண்டு," என்றார் ஐயா. கூட்டம் அதற்கும் தலையாட்டியது! ஆட்டுவதற்கென்றே தலை வைத்திருப்பவர்கள் வேறென்ன செய்வார்கள்?

தையல்காரி, ஏற்கெனவே தாயத்து வாங்கியிருந்த பக்கத்து வண்டிக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, உங்க தாயத்தை எடுங்க."

"பிரிச்சா தலை வெடிச்சிடும்!" என்று ஐயா கத்தினார்.

"என் தலைதானே? வெடிக்கட்டும்."

அந்த வண்டியின் பானெட்டுக்கு அடியிலும் அதே மூலை ஓட்டையில்தான் தாயத்தைத் திணித்து வைத்திருந்தார்கள். சிவப்புத் துணியை வெட்டினாள். உள்ளே இருந்து ஒரு கறுப்பு ரப்பர்க் குமிழ் விழுந்தது. எடுத்துத் தன் வண்டியின் குமிழ் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கூடப் பிறந்தது மாதிரி இருந்தது.

டாக்சிக்காரருக்கு மெல்ல உறைத்தது. "இலவசமா கழுவினாங்களே... மறுநாள்தான் சத்தம் வந்துச்சு."

நழுவப் பார்த்த சீடனின் பையை யாரோ இழுத்தார்கள். குமிழ்கள் தரையெங்கும் உருண்டன. எள் விழும் ஓசையையும் கேட்கும் என்று பெயர் வாங்கிய காது, "என் காரைத் திருப்பிக் குடுடா!" என்ற கூச்சலை மட்டும் கேட்காததுபோல் பின்வாசல் பக்கம் நகர்ந்தது. டாக்சிக்காரர் ஓடிப்போய் வழியை மறித்து நின்றார்.

ஐயாவைப் பிடித்து உட்கார வைத்தாயிற்று. கூட்டம் திருந்திவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? தாயத்தைப் பறிகொடுத்த வண்டிக்காரர் பயபக்தியுடன் தையல்காரியிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்த மிச்சச் செருப்பைக் குடேன். வண்டியில கட்டித் தொங்கவிட்டுக்கறேன். ரொம்ப சக்தியுள்ளதா தெரியுது."

அவள் காலில் கிடந்த இன்னொரு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"சக்தி இருக்கு அண்ணே. மூடியைத் திறந்து பார்க்காத வண்டிக்கு ஒண்ணைக் குடுத்துட்டேன். திறந்தே பார்க்காத மூளைக்கு இதை வெச்சிருக்கேன். கிட்ட வாங்க."