தாலித் தட்டும் தைராய்டும்

பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சொல்லிக்கொடுப்பதெல்லாம் அடுத்தவர் உடம்பைப் பற்றி என்று நினைத்துக்கொள்ளலாம். நான் தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். வம்பு வந்தது அந்தத் தூக்கத்தால்தான்.

என் தம்பி முருகேசனுக்குக் கல்யாணம் நடந்த வருஷம் எனக்கு என்னவோ ஆகியிருந்தது. சாப்பாடு பாதியாகக் குறைந்தும் ரவிக்கைகள் ஒவ்வொன்றாக என்னைக் கைவிட்டன. தலை வாரினால் முடி சீப்போடு வந்தது. குரல் கட்டைக் குரலாகி, போனில் பேசினால் மளிகைக் கடையில் “சொல்லுங்க அண்ணாச்சி” என்றார்கள். எல்லாவற்றையும் விடக் குளிர். உப்பளக் காற்றில் ஊரே வியர்த்துக் கொட்டும்போது நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் எனக்கு ‘ஊட்டி டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். (கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.) உட்கார்ந்தால் போதும், கண் சொருகிவிடும். வயதாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பத்தைந்துகூட முடியவில்லை.

முருகேசனுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. ஜாதகம் ஜாதகமாகத் தட்டிப்போய், கடைசியில் திருச்செந்தூரில் செல்வி அமைந்தாள். அவள் அப்பா கோயில் பக்கம் லாட்ஜ் வைத்திருந்தார். ஆனால் அந்த வீட்டில் பேச்சு அவருடையது அல்ல, சம்பந்தி அம்மாவுடையது. அந்த அம்மாவின் தங்கை கல்யாணத்தில் முகூர்த்த நேரம் தவறி, ராகு காலத்தில் தாலி ஏறியதாம். தங்கை வாழாமல் திரும்பி வந்துவிட்டாள். அதனால் நிச்சயத்தின்போதே சொல்லிவிட்டார், நேரம் தப்பினால் மகளை மேடையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று. சும்மா மிரட்டுகிற முகம் இல்லை அது.

எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன் அதைத் தட்டில் தேங்காய் மேல் வைத்து, மாப்பிள்ளையின் அக்கா சபை முழுக்கக் கொண்டுபோவாள். எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். அந்த ஆவணி முகூர்த்தத்தில் அந்த அக்கா நான். பட்டுச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் வேண்டாம் என்று என் கணவர் கெஞ்சினார். மண்டபமோ குளிர்சாதன மண்டபம். பல் கிட்டித்துச் செத்துப்போகவா என்று போட்டுக்கொண்டேன்.

முன்வரிசை முடிந்தது, பின்வரிசை முடிந்தது, பந்தியில் இருந்தவர்களும் தொட்டார்கள். அதற்கும் பின்னால் சமையல் கொட்டகை. அங்கே கோட்டை அடுப்பு தகதகவென்று எரிந்தது. அந்தச் சூடு முகத்தில் பட்டதும் எனக்குச் சொர்க்கம் தெரிந்தது. எங்கள் தவசிப்பிள்ளை, ஊரில் பாதிக் கல்யாணத்துக்குச் சமைத்த பெரியவர், அவரும் தொடட்டுமே என்று தட்டை நீட்டினேன். கையெல்லாம் எண்ணெய், கழுவிட்டு வாரேன், இப்படி உட்காருங்க என்று அரிசி மூட்டையைக் காட்டினார். போனவரைப் பந்தியில் சாம்பாருக்குப் பிடித்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். தட்டை மடியில் வைத்தது வரை நினைவிருக்கிறது.

மீதியைப் பிறகு பலர் பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் ஐயர் தாலியைக் கேட்டார். தாலி இல்லை. அக்காவும் இல்லை. என் போன் கணவர் பையில் அடித்தது. மண்டபத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே, கண்டுபிடித்துவிட்டார்கள்: நாத்தனாருக்கு எடுத்த சேலை பிடிக்கவில்லை, கோபித்துக்கொண்டு தாலியோடு போய்விட்டாள். (சேலை நிஜமாகவே பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக இப்படியா?) என் கணவர் என்னைத் தேடிப் பேருந்து நிலையத்துக்கே வண்டியை விட்டிருக்கிறார். ராகு காலம் நெருங்கியது. சம்பந்தி அம்மா மேடையேறி, “எந்திளா, போவோம்” என்று மகள் கையைப் பிடித்தார். செல்வி எழுந்திருக்கவில்லை.

“மதினி வருவாக. கொஞ்சம் பொறும்மா” என்றாளாம்.

அந்த அம்மா மகளை விட்டுவிட்டு என்னைத் தேடிக் கிளம்பினார். சமையல் கொட்டகையில் நான் கண் விழித்தபோது எதிரில் அவர் நின்றார்.

“ஏளா, தாலிய மடியில வச்சிக்கிட்டா தூங்குத?”

என் உடம்பில் அன்று ஒழுங்காக வேலை பார்த்த ஒரே சுரப்பி அட்ரினல்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பட்டுச் சேலையும் ஸ்வெட்டருமாக ஒரு பெண் சபை நடுவே ஓடுவது கல்யாண வீடியோவில் இன்றும் இருக்கிறது. ராகு காலம் தொடங்குவதற்குள் கெட்டிமேளம் கொட்டியாயிற்று. நான் மணமகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பயம், ஏன் தூங்கினேன் என்று எனக்கே தெரியவில்லையே.

தெரிந்தது அடுத்த வாரம், பதினோராம் வகுப்பில். தைராக்ஸின் குறைந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் எழுதினேன்: எடை கூடும், முடி கொட்டும், குரல் தடிக்கும், குளிர் தாங்காது, எந்நேரமும் தூக்கம். திரும்பினால் ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. வகுப்பு மொத்தமும் என் ஸ்வெட்டரைப் பார்த்தது. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நீங்க டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?” என்றாள்.

எடுத்தேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, வேலை செய் வேலை செய் என்று மாதக்கணக்கில் கத்தியிருக்கிறது. கழுத்தில் இருக்கும் தைராய்டு என்னைப் போலவே மடியில் வேலையை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறது. இதைப் பொறுமையாகப் படம் போட்டு விளக்கிய டாக்டர், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வணிகவியல் டீச்சர் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு குட்டி மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம். சில மாதங்களில் எனக்கும் ஊரோடு சேர்ந்து வியர்த்தது. சம்பந்தி அம்மாவிடம் முருகேசன் எல்லாவற்றையும் விளக்கினான். அவர் அதைத் திருச்செந்தூர் முழுக்க விளக்கினார்: கழுத்துக்குள்ள ஒண்ணு தூங்குச்சாம், அதான் இவளும் தூங்குனாளாம். எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் முதலில் கேட்கிற கேள்வி, டீச்சர் மாத்திரை போட்டாச்சா என்பதுதான்.

போன தை மாதம் செல்வியின் தம்பிக்குக் கல்யாணம். தாலித் தட்டு செல்வியின் கைக்குத்தான் வரவேண்டும். அவளோ, எனக்குப் பதிலாக மதினி கொண்டுபோகட்டும் என்றாள். சம்பந்தி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மாத்திர போட்டியாளா?”

போட்டாச்சு என்றேன். தட்டை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு, முதல் வரிசையிலிருந்து பந்தி வரைக்கும் கூடவே வந்தார். சம்பந்திமார் என்றால் இப்படியல்லவா ஒட்டி இருக்கவேண்டும் என்று சபையில் பேசிக்கொண்டார்களாம். பிடித்த இடம் எனக்கு மறுநாளும் வலித்தது.