நான் கொடி கட்டிய பாட்டுக்காரர்

நான் முட்டாள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு ஹுன்னஸ்கிரிய சந்தியிலிருந்து எங்கள் லயத்து வீடுகள் வரைக்கும் சாவுக்குக் கட்டும் வெள்ளைக்கொடி கட்டியவன் நான். அதுகூடப் பரவாயில்லை. ஒரு வருடம் கழித்து அவர் முகத்துக்கு நேராக, செத்துவிட்டார் என்று கத்தியவனும் நான்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு நான் செயலாளர். யாராவது போய்விட்டால் கொடி கட்டுவது, பேனர் அடிப்பது, கூட்டத்தை எழுப்பி இரண்டு நிமிடம் வாயை மூட வைப்பது எல்லாம் என் வேலை. (திட்டு வாங்குவதும்.) மாசிலாமணி மாஸ்டர் போய்விட்டார் என்று போனில் ஒரு செய்தி வந்ததும் கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஒரு கிட்டாரோடு தோட்டம் தோட்டமாகப் பாடிய மனுஷன் அவர். பல வருடமாக எங்கள் பக்கம் வராமல் நாவலப்பிட்டிக்கு மேலே எங்கேயோ ஒதுங்கிக் கிடந்தார். அதனால் மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. மாலை போட்ட படத்தோடு நான் அடித்த பேனர் போன் போனாகப் பரவியது.

பிறகு, அவர் கண்டியில் ஒரு மண்டபத்தில் பாடப் போவதாக நோட்டீஸ் வந்தது.

"செத்தவரு பேர வச்சு எவனோ ஏமாத்துறான்," என்றேன்.

"ஒருவேள உசுரோட இருந்தா?" என்றாள் என் மனைவி புஷ்பா.

"நான் கொடி கட்டியிருக்கேன்டி!"

அவர் இருந்தால் என் பேர் நாறிவிடும். அதனால் அவர் இருக்கக் கூடாது. அப்போது எனக்கு இது இப்படி விளங்கவில்லை. கோபம் மட்டும்தான் வந்தது. அந்த ஏமாற்றுக்காரனைப் பிடித்துக் கொடுக்கத்தான் புஷ்பாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பகல் மூன்று மணி. ஆனால் மழையும் மூடுபனியும் சேர்ந்து பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. மண்டபத்தில் பாதிக் கதிரை காலி. வந்தவர்களில் பாதிப்பேர் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அஞ்சலிக் கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள். (என் பேனரின் வேலை.) அப்போது கரண்ட் போனது.

இருட்டுக்குள் மேடையில் ஒரு கதிரை நகர்ந்தது. யாரோ ஒரு தந்தியை முறுக்கினார்கள். பிறகு பாட்டு வந்தது. மெலிந்த குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. முன்வரிசையில் ஒரு அம்மா, "முருகா, முருகா" என்றாள். யாரோ போன் வெளிச்சத்தை மேடைக்கு அடித்தார்கள். என் பேனரில் இருந்த அதே முகம். ஒரு வருடம் மண்ணுக்குள் கிடந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். எழுந்து நின்று கத்தினேன்.

"யோவ், யாருய்யா நீ? மாஸ்டரு செத்து ஒரு வருஷமாச்சு! நான்தான் கொடி கட்டுனேன்!"

பாட்டு நின்றது.

"நீயா தம்பி அது?" என்றது அந்தக் குரல். "ஒரு வருஷமா ஒருத்தனும் என்னயப் பாடக் கூப்புடல. ஏன்னு இப்பத்தான் வெளங்குது. மேல வா."

புஷ்பா என் சட்டையைப் பிடித்தாள். ஆனாலும் கால் தானாக நடந்தது. கிட்டப் போனதும் அவர் என் மணிக்கட்டைப் பற்றினார். ஐஸ் மாதிரிக் கை. நான் அவருடைய நாடியைத் தேடினேன். துடித்தது என்னுடையதுதான்.

"யாரு யாரு அழுதாங்க?"

"எல்லாரும் ஐயா. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க எல்லாரும்."

"எந்தப் பாட்டு போட்டீங்க?"

சொன்னேன்.

"அடப்பாவி, அதயா? அது நான் அவசரத்துல கட்டுன பாட்டு. எவ்வளவு நேரம் எந்திரிச்சு நின்னாங்க?"

"ரெண்டு நிமிஷம்."

"கொறச்சலா இருக்கே."

இருட்டில் முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. முகம் தெரியாத சிரிப்பு. இன்றைக்கும் அதைக் கனவில் கேட்கிறேன்.

"படம் இருக்கா?" என்றார்.

போனில் பேனரைக் காட்டினேன். மாலைக்கு நடுவே அவர் முகம், அதற்கு மேல் குனிந்த அவர் முகம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல படம். அழிச்சிராத தம்பி. தேவப்படும்."

பிறகு மைக் இல்லாமலே ஒரு மணி நேரம் பாடினார். எல்லோரும் நின்றுகொண்டே கேட்டார்கள். மரியாதையா பயமா என்று எனக்குத் தெரியாது. நான் மேடையின் ஓரத்தில் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மாஸ்டர் இருக்கிறார், தப்பு என்னுடையது" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்தே எல்லாருக்கும் அனுப்பினேன். அதற்குப் பிறகு அவரைப் பாடக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கள் தோட்டமும் கூப்பிட்டது. (என்னைக் கூட்டத்துக்கு முன்னால் நிற்க வைத்துச் சிரித்தார்கள். நின்றேன்.)

என் நம்பரை அன்றைக்கே வாங்கிக்கொண்டார். மாதா மாதம் பௌர்ணமிக்கு வரும் போயா லீவு நாளில், காலையிலேயே போன் வரும். "தம்பி, இருக்கேன்." அவ்வளவுதான். வைத்துவிடுவார். எங்கள் வீட்டில் போன் அடித்தாலே பிள்ளைகள், "இருக்காரா?" என்று கேட்டுச் சிரிக்கும். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கும்போதுகூட அதே கேள்விதான்.

போன போயாவுக்குப் பெண் குரல் ஒன்று பேசியது. அவருடைய மகளாம்.

"அப்பா தூங்குறாங்க. இருக்காங்கன்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

போனை வைத்தேன். வீடே என்னைப் பார்த்தது.

"இருக்காரா?" என்றாள் புஷ்பா.

சட்டையை மாட்டிக்கொண்டு நாவலப்பிட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். இந்த முறை கண்ணால் பார்க்காமல் நான் எதையும் சொல்வதாக இல்லை.